சுற்றாத உருண்டையும் சுற்றும் வட்டமும்

தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அத்தியாவசியமான கற்பித்தல் கருவிகள் வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. மறு ஆண்டே கரும்பலகைத் திட்டம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் 1989-இல் நான் இரண்டாவது ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தபோது, கருவிகள் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள்.

"உலக உருண்டை வந்திருக்குன்னு சொன்னாங்களே சார்?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"வந்திருக்கு டீச்சர். இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. உடைஞ்சா யாரு கட்டுறது?"

நியாயமான கேள்வி. அன்றைய சம்பளத்தில் உலகத்தை விலைக்கு வாங்கிக் கொடுக்கும் நிலையில் நான் இல்லை. ஆண்டாய்வு அன்று உருண்டை வெளியே வரும். தூசு தட்டி மேசையில் வைப்போம். அதிகாரி பதிவேட்டில் டிக் போடுவார். மாலையில் அது மறுபடி காகிதம் சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் போய்விடும். பிள்ளைகளுக்கு இரவு பகலைச் சத்துணவுக் கூடத்துப் பூசணிக்காயையும் அரிக்கேன் விளக்கையும் வைத்துத்தான் நடத்தினேன். பாடம் முடிந்ததும் பூமி சாம்பாருக்குப் போனது.

கரும்பலகை மட்டும் பூட்டுக்குள் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவார்கள். திங்கட்கிழமை அது பளபளவென்று இருக்கும். இன்று இதை யாராவது 'செயல்திட்டவழிக் கற்றல்' என்று படம் பிடித்துப் பதிவேற்றியிருப்பார்கள். அன்று அதற்குப் பெயர் வேலை.

பிறகு பதவி உயர்வு பெற்று உயர்நிலைப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போனேன். ஆசிரியர் பற்றாக்குறையில் பாதி நாள் அறிவியலும் என் தலையில்தான். அங்கே எனக்கு வாய்த்த மிகப் பெரிய கருவி ஒரு கேள்வி: "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அந்தக் கூட்டுக் குரலின் சிறப்பு, அதற்குள் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது. முன் பெஞ்சில் இரண்டு பேருக்குப் புரிந்திருக்கும். மற்றவர்கள் அந்த இரண்டு பேரின் குரலில் ஏறிக்கொண்டு போய்விடுவார்கள். யாருக்குப் புரியவில்லை என்பது அரையாண்டுத் தேர்வில் தெரியவரும். அதற்குள் பாடம் நான்கு அத்தியாயம் தாண்டியிருக்கும்.

2018-இல் புதிய பாடநூல்கள் வந்தன. ஓரங்களில் கறுப்புக் கட்டம் போட்ட க்யூஆர் குறியீடுகள். முந்தைய ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய தீக்‌ஷா தளத்தில் அவற்றுக்கான காணொளிகள் இருந்தன. வட்டார வள மையத்தில் பயிற்சி. செயலியை இறக்குவது எப்படி, கணக்கு தொடங்குவது எப்படி, கடவுச்சொல்லை மறந்தால் மீட்பது எப்படி என்று ஒரு நாள் முழுதும் சொல்லித்தந்தார்கள். கடைசியில் பயிற்றுநர் கேட்டார், "புரிஞ்சுதுங்களா?" நாங்கள் சொன்னோம், ஒரே குரலில்.

மறுநாளே என் செல்போனில் குறியீட்டைக் காட்டி, பூமி தன்னைத்தானே சுற்றும் காணொளியை ஆறாம் வகுப்புக்குத் திறந்தேன். எங்கள் பள்ளியில் வேப்பமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் வகுப்பும் அங்கேதான். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பூமி சுத்துது டீச்சர்!" என்றான் முன்னால் நின்ற பையன், பரவசமாக.

நான் மறுக்கவில்லை. காணொளி வந்து சேர்வதற்குள் மணியடித்துவிட்டது.

1963-இல் பிறந்த நான் 2021-இல் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அரசு 2020 மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. அதனால் ஊரடங்குக் கால இணையவழி வகுப்பை முழுமையாக அனுபவிக்கும் பாக்கியம் கிடைத்தது. காலமெல்லாம் "சத்தம் போடாதே" என்று கத்தியவள் நான். அந்த வரம் மொத்தமாகப் பலித்தது. திரையில் பெயர்கள் மட்டும் தெரிந்தன; குரல் இல்லை, முகம் இல்லை. "யாராச்சும் பேசுங்கப்பா" என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

கெஞ்சியது பிள்ளைகளிடம் மட்டுமில்லை. போன் அப்பாவிடம் இருக்கும். அப்பா சித்தாள் வேலைக்கோ லோடு வண்டிக்கோ போயிருப்பார். அவர் வீடு திரும்பிய பிறகுதான் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் போன் முதலில் பத்தாம் வகுப்புக்கு, மீதி இருந்தால் எட்டாம் வகுப்புக்கு. ஐந்தாம் வகுப்புக்கு அதற்குள் தூக்கம் வந்திருக்கும். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த வீடுகளுக்கு ஓரளவு கைகொடுத்தது. டிவி பெட்டியை யாரும் வேலைக்கு எடுத்துப்போவதில்லையே. அன்று கருவி தலைமையாசிரியரின் பெட்டியில் இருந்தது; இன்று அப்பாவின் சட்டைப்பையில். இருப்புப் பதிவேடு மட்டும்தான் இல்லை.

வாட்ஸ்அப்பில் பாடத்தைக் குரல்பதிவாக அனுப்பிவிட்டு, பழக்கதோஷத்தில் "புரிஞ்சுதா?" என்று தட்டுவேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழும். பாடம் ஏழு நிமிடம். முதல் கட்டைவிரல் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். கூட்டுக் குரலுக்கு இப்போது குரலும் தேவைப்படவில்லை.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளி திறந்தது. இதற்குள் எனக்கு இணையக் கருவிகளைத் தேடிப் பார்க்கும் கிறுக்குப் பிடித்திருந்தது. பாடநூலின் 'இணையச் செயல்பாடு' பகுதியே நல்ல வழிகாட்டி; கணக்கில் ஜியோஜீப்ரா என்ற செயலிக்கும், அறிவியலில் ஃபெட் தளத்தின் பாவனைச் சோதனைகளுக்கும் அது அழைத்துப் போகும். முன்னதை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-இல் தன் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கினார். பின்னதை இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். இரண்டும் இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். வேப்பமரத்துக்கு ஓய்வு கொடுத்தேன்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. இதைக் காலங்காலமாகக் காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, ஒரு கோட்டின் மேல் சேர்த்து வைத்துக் காட்டுவோம். கிழித்த ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விழும். "காகிதம் சரியில்ல" என்று சமாளித்து 180 என்று எழுதிப்போடுவோம். இப்போது மடிக்கணினியில் ஜியோஜீப்ராவைத் திறந்து முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் நெளிகிறது, கோணங்கள் மாறுகின்றன, கூடுதல் மாறுவதில்லை. பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், 45.37, 67.81, 66.83. கூட்டினா 180.01 வருது."

வகுப்பு அமைதியானது. "யாரு டீச்சர் தப்பு? புத்தகமா, கம்ப்யூட்டரா?"

இரண்டுமில்லை. மூன்று கோணங்களையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கும்போது மூன்று சின்ன மிச்சங்கள் சேர்ந்து அந்த 0.01-ஐ உண்டாக்குகின்றன. அதை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி: "அப்ப எத்தனை முக்கோணம் இழுத்துப் பாத்தா நம்பலாம்?" கணக்கு டீச்சர்கள் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் கேள்வி இது. எத்தனை இழுத்தாலும் போதாது, அதனால்தான் நிரூபணம். உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். சாக்பீஸால் பலகையில் போட்டேன். எத்தனையோ ஆண்டுகளாகப் போட்டுவந்த அதே படம். ஏன் போடுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்து போட்டது அன்றுதான்.

மின்சுற்றுப் பாடமும் அப்படியே. அன்றைய ஆய்வகத்தில் அம்மீட்டர் ஒன்றுதான். நான் தொடுவேன், பிள்ளைகள் பார்ப்பார்கள். ஃபெட்டில் ஆளாளுக்கு மின்கலம், கம்பி, பல்பு. குறுக்குச் சுற்று ஏற்படுத்தினால் திரையில் மின்கலம் தீப்பிடிக்கும். இது தெரிந்ததும் பல்பை எரியவைக்க யாருக்கும் அக்கறை இல்லை. எல்லோருக்கும் தீ வைக்க வேண்டும். வைக்கட்டும் என்று விட்டேன். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும் என்பதை அவ்வளவு ஆசையாக யாரும் கற்று நான் பார்த்ததில்லை.

இடையில் பள்ளிக்குக் கணினி ஆய்வகமும் வந்தது. சாவி யாரிடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் கேட்காத ஒன்று. பிளிக்கர்ஸ் என்று பெயர். ஆளுக்கொரு காகித அட்டை, அதில் கறுப்புக் கட்ட வடிவம். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. என் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு வீச்சு வீசினால், பெயர்வாரியாக யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். அந்தக் காலத்தில் "சிலேட்டைத் தூக்கிக் காட்டு" என்போமே, அதேதான். ஆனால் சிலேட்டில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதலாம். இங்கே ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தோ பொடி. பார்த்துப் பயனில்லை.

முதல் கேள்வியாக 0.5, 0.45, இவற்றில் எது பெரியது என்று கேட்டேன். வாயால் கேட்டபோது "0.5 டீச்சர்" என்று வகுப்பே முழங்கியது. அட்டையால் கேட்டபோது பாதிக்கு மேல் 0.45. நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதாயிற்றே! கூட்டுக் குரலின் தலைவனாகிய முன் பெஞ்சுக்காரனும் அதில் அடக்கம். வாயையே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்ணின் விடை சரி. தசம எண்ணை மறுபடி ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினேன். பதிவேற்ற வேண்டிய படிவத்தில் 'பாடம் நிறைவு' என்றுதான் இருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அன்று பிள்ளைகள் கோனார் உரையைப் பார்த்து எழுதுவார்கள். ஒரே பிழை பத்து நோட்டில் இருந்தால் மூலம் ஒன்று என்று தமிழய்யா கண்டுபிடித்துவிடுவார். இப்போது பிழையே இல்லாமல் வருகிறது. அதைவைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய கூட்டுக் குரல்தான், நடை மட்டும் செம்மையாகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு என்னைக் கருத்தாளராகக் கூப்பிட்டார்கள். தலைப்பு, வகுப்பறையில் இணையக் கருவிகள். அட்டைகளோடு போனேன். எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, "இந்தப் பயிற்சி உங்க வகுப்புக்குப் பயன்படுமா?" என்று கேட்டேன்.

"பயன்படும் மேடம்!" என்றது அரங்கம்.

"சரி, அதையே அட்டையில சொல்லுங்க."

கேமராவை வீசினேன். பாதிக்கு மேல் 'இல்லை'. சிலருக்கு நெட் கிடையாது, சிலருக்கு நேரம் கிடையாது, சிலருக்கு ஆய்வகச் சாவி கிடையாது என்று அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். தேநீர் ஆறிப்போகும் வரை பேசினார்கள். நான் போன பயிற்சிகளில் ஆசிரியர்கள் வாய்திறந்து பேசிய முதல் பயிற்சி அது.

ஒருங்கிணைப்பாளர் என் போனை எட்டிப் பார்த்தார். "இது ரிப்போர்ட்ல வேணாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, படிவத்தில் 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.