பூச்சி வளர்த்த புண்ணியவான்

டெல்டாவில் ஏக்கர் கணக்கில் நெல்லைக் கருக்கிப் போடும் புகையான் பூச்சி, வலைக்கூண்டில் இளம்பயிராக ஊட்டி வளர்த்தும் என் கையில் பிழைக்கவில்லை. என் ஆராய்ச்சியின் லட்சணம் இதுதான்.

எந்த நெல் ரகம் புகையானைத் தாங்கும் என்று பார்க்கும் வேலை என்னவோ சுலபம். தட்டில் மண் நிரப்பி, வரிசைக்கு ஒரு ரகமாக விதைக்க வேண்டும். கூடவே ஒப்பிட இரண்டு ரகங்கள்: பூச்சி பட்டாலே படுத்துவிடும் டிஎன்1, அசைந்து கொடுக்காத பட்டாம்பிக்காரர் பிடிபி33. நாற்று ஒரு வாரம் வளர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்துப் புகையான் குஞ்சுகளை விடுவோம். டிஎன்1 ஏறக்குறைய 90 சதவீதம் காய்ந்ததும் மற்றவற்றுக்கு 0 முதல் 9 வரை மார்க். குறைந்த மார்க் எடுப்பதே கெட்டிக்கார ரகம். பள்ளியிலும் இப்படி இருந்திருந்தால் என் கதையே வேறு.

என் முதல் தட்டில் எல்லா வரிசையும் பச்சைப்பசேல். 1973இல் எதிர்ப்பு ரகமாக வந்த ஐஆர்26கூடச் சில வருடங்களில் புகையானிடம் தோற்றது. நானோ ஒரே தட்டில் இத்தனை எதிர்ப்பு ரகங்களைப் பிடித்துவிட்டேன்! பதிவேட்டோடு ஓடினேன்.

"டிஎன்1 எப்படி இருக்கு?" என்றார் வழிகாட்டி.

"அதுவும் ஜம்முனு இருக்கு சார்."

சொல்லி முடிக்கும்போதுதான் உறைத்தது. சாக வேண்டியது சாகவில்லை என்றால் சோதனையே செல்லாது. நாற்றைத் தட்டிப் பார்த்தால் புகையான் ஒன்றையும் காணோம். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகள்தான் உலாவின. புகையானின் முட்டையையும் குஞ்சையும் உறிஞ்சிக் குடிக்கும் உழவனின் நண்பர்கள். வயலிலிருந்து செடியோடு நானே அழைத்து வந்த விருந்தாளிகள்.

அட்டையில் பேனாவால் எழுதிய ரகப்பெயர் தண்ணீரில் கரைந்தது தனிக்கதை. பூச்சி பிடிக்கும் உறிஞ்சுகுழாயில் வலைத்துணி கட்ட மறந்ததும் உண்டு. ருசியைக் கேட்காதீர்கள்.

கடைசியில் பூச்சிக்காக மன்னார்குடிப் பக்கம் மாமா வயலுக்கே போனேன். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. தூரை விலக்கினால் தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்பாக அப்பிக்கிடந்தன, கொழுகொழுவென்று. வந்த காரியத்தைச் சொல்லக் கூசி, தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டிருக்கணும் என்று அடுக்கினேன்.

"நடவன்னிக்குச் சொல்றதுக்கென்ன மாப்ள?" என்றவர் என் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தார். சொன்னேன்.

"வளக்கவா?"

வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏய், ஒங்க அண்ணன் மவன் பூச்சி கேட்டு வந்திருக்கான். நெல்லுச் சாக்கு சும்மாதானே கெடக்கு, எடுத்தா."