மரை கழன்றது யாருக்கு?

பெறுநர்: அமெரிக்க ராணுவப் படைக்கலத் துறை (1911ஆம் ஆண்டில் இருந்தபடி)
பொருள்: எம்1911 கைத்துப்பாக்கியின் கைப்பிடித் திருகாணி உடைதல் – பழியை உரிய இடத்துக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக
பார்வை: தங்கள் ஏற்பு உத்தரவு, நாள் 29.03.1911

மதிப்பிற்குரிய துறையீர்,

ஜான் பிரௌனிங் வடிவமைத்த துப்பாக்கியை ஏற்கும் முன் 6,000 குண்டுகளைச் சுடவைத்துப் பார்த்தீர்கள். சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுடவைத்தீர்கள். ஒருமுறைகூட அது மக்கர் செய்யவில்லை. பலனும் கிடைத்தது: 1985இல் பெரெட்டா துப்பாக்கி வரும்வரை அதுவே படையின் கைத்துப்பாக்கி. ஆனால் யானை நுழைந்த வாசலில் வால் மாட்டிக்கொண்டது. கைப்பிடியின் இரு பலகைகளையும் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளில் ஒன்று உடைந்தால், தேர்ந்த கைவினைஞரும் பெருமூச்சு விடுகிறார். அதற்குக் காரணம் கேட்டால், ‘முரட்டுக் கை’ என்று ஒரே பதில்தான் வருகிறது. ஊருக்கு இளைத்தவன் தலையில் எழுதப்பட்ட அந்தப் பதிலை மறுக்கவே இந்த விண்ணப்பம்.

தங்கள் கண்டிப்பு எங்கே இருந்தது, தாராளம் எங்கே இருந்தது என்று பார்ப்போம். திருகாணியின் விட்டம் 0.150 அங்குலம், அங்குலத்துக்கு 50 இழை. அது இறங்கும், சட்டகத்தில் திருகப்பட்ட புஷ்ஷின் வெளி மரை 0.236 அங்குலம், 60 இழை. சாதாரண ஹார்டுவேர் கடையின் எந்த டப்பாவிலும் இவற்றுக்கு ஜோடி கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத மரையில் இவ்வளவு கறார். கை படும் தலையிலோ வெறும் காடி. கத்தி முனை, காசு, பெயின்ட் டப்பா திறந்த திருப்புளி என எது வந்தாலும் அது இடம் கொடுக்கும். ஆப்பு வடிவத் திருப்புளி காடியின் மேல் விளிம்பில் மட்டும் தொட்டு, அழுத்தினால் ஏறி வழுக்கும், விளிம்பு சிதையும். வியர்வையில் துருவேறிய ஆணி அதற்கு மேலும் திருகப்பட்டால் தலை துண்டாகும். யாருக்கும் பொருந்தாத மரையும் எல்லோரையும் வரவேற்கும் தலையும் ஒரே ஆணியில்!

மெல்லிய சுவரில் நுண்மரைதானே நிற்கும் என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கென்றே திருப்புளியோடு கூடிய கருவியும் தந்தோமே என்பீர்கள், தந்தீர்கள். சாவியைத் தந்துவிட்டு, எதைக் கொண்டும் திறக்கும் பூட்டையும் தந்தீர்கள் என்பதே என் முறையீடு. 1911இல் காடியை விட்டால் வேறு ஏது என்ற கேள்விக்கு மட்டும் பணிவான ஒரு தகவல்: கனடாவில் ராபர்ட்சன் என்பவர் சதுரக் குழித் தலையை 1908இலேயே கண்டுபிடித்துவிட்டார். அதை அன்றே ஏற்றிருக்க வேண்டும் என்று கேட்பது பின்புத்தி. ஆனால் ஏற்காததன் விளைவைப் பயன்படுத்துபவன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

உடைந்ததை எடுக்கும் முறையே எனக்குச் சாட்சி. மேகசினைக் கழற்றி, அறையில் குண்டில்லை என்று உறுதிசெய்த பிறகு, பொறுமைதான் முதல் கருவி. தலை சிதைந்து நின்றால் அதை மட்டும் துளையிட்டு நீக்கலாம். பலகை கழன்று வரும், தண்டு புஷ்ஷுக்குள் நிற்கும். இடச்சுற்று டிரில் பிட் சில நேரம் தண்டையே திருகிக் கொண்டுவரும். உடைந்த ஆணியைப் பிடித்து வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டை இவ்வளவு சிறிய ஆணிக்குள் நம்பி இறக்கினால், அது உள்ளே முறிந்து ஒரு சிக்கல் இரண்டாகும். கடைசி வழி, புஷ்ஷையே தண்டோடு கழற்றிப் புதிது போடுவது. ஆனால் உள்பக்கம் அதைத் தட்டி இறுக்கியிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் திருகினால் சட்டகத்தின் மரையும் சேர்ந்து போகும். ஆக, சட்டகத்தின் மரை தேய்ந்தும் கெட்டும் போகாமலிருக்க மாற்றத்தக்க ஒரு புஷ் இருக்கிறது. காடி கெடாமலிருக்க எதுவும் இல்லை.

எனவே புதிய ஆணி கேட்கவில்லை. உடைந்த ஆணிக்கு எதிரே ‘முரட்டுக் கை’ என்றிருப்பதை அடித்துவிட்டு, ‘6,000 குண்டில் சோதிக்கப்படாதது’ என்று திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலையிழந்த ஆணியின் சார்பில்