ஜீனோவை மறுபடி படிக்கலாமா?

கேள்வி: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் முடிச்சு தெரிந்துவிட்டது. மறுபடி படிக்க என்ன மிச்சம்?
- ஒரு வாசகர், காமயகவுண்டன்பட்டி

பதில்: ஜீனோ என்ற இயந்திர நாய் மிச்சம்! 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, சர்வாதிகாரி ஜீவா யார் என்ற மர்மம்தான் வாசகரை வாரம்தோறும் இழுத்தது. ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிந்த பிறகு படித்தால், கவனம் ஆள்பவனைவிட்டு ஆளப்படுகிறவர்கள் மேல் திரும்புகிறது. பிள்ளை பெறவும் அரசிடம் அனுமதி கேட்கும் நாயகி நிலாவின் உலகில், மனிதர்கள் கேள்வி கேட்க மறந்திருக்கிறார்கள். விளையாட்டுப் பொருளாக வந்த இயந்திர நாய்தான் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, எதிர்த்துப் பேசுகிறது. பிம்பத்துக்குப் பணிந்த ஊரில் பொம்மைக்குப் புத்தி வருவதுதான் நாவலின் உயிர். ‘சுஜாதா கதைக்குக் குறித்த 2020களின் தொடக்கமே கடந்துபோய்விட்டதே, கணிப்பு பொய்த்ததே’ என்பார்கள். நாவல் பஞ்சாங்கம் அல்ல. தேதி தப்பினாலும் எச்சரிக்கை தப்பவில்லை. ‘ஜீனோ பேசுவது சுஜாதாவின் குரல்தானே’ என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் குரலை அவர் வீரனுக்குக் கொடுக்காமல், படித்துப் படித்து வளரும் ஒரு நாய்க்குக் கொடுத்தார். சுதந்திரம் பிறப்பால் வருவதல்ல, வாசிப்பால் வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாதம் வேண்டுமா? அவசியம் மறுபடி படியுங்கள். கையோடு அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் எடுத்துவிடுங்கள்.