கூட்டுக் குடும்பம் வாழ்க!

கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் அகதா கிறிஸ்டியின் ‘க்ரூக்கட் ஹவுஸ்’ (1949) நாவலை அவசியம் வாசிக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறை: மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், போதாக்குறைக்கு முதல் மனைவியின் சகோதரி. எல்லோருக்கும் படியளப்பவர் பெரியவர் லியோனிடஸ். ஒருநாள் அவருடைய கண் சொட்டு மருந்து இன்சுலின் சீசாவுக்குக் குடிபெயர்கிறது. ஊசி போட்டாயிற்று, பெரியவர் போயாயிற்று.

குடும்பப் பண்பாடு பளிச்சிடுவது இதற்குப் பிறகுதான். தாத்தாவைவிட ஐம்பது வயதுக்கு மேல் இளையவளான இரண்டாம் மனைவியே கொலைகாரியாக இருந்துவிட வேண்டும் என்று வீடே ஒருமனதாக ஆசைப்படுகிறது. வெளியிலிருந்து வந்தவள் அல்லவா! போலீஸ்தான் தடயம், விசாரணை என்று வீணாக அலைகிறது. கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் கைதூக்கச் சொல்லியிருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே வழக்கு முடிந்திருக்கும். காகிதமும் மிச்சம்.

உயில் விஷயத்திலும் பெரியவர் முன்மாதிரி. குடும்பத்தைக் கூட்டி ஒன்றை வாசிக்க வைத்தார். கையெழுத்துப் போட்டது வேறொன்றில். உயிரோடு இருக்கும்வரை மனக்கசப்பே இல்லை.

இத்தனை நல்ல விஷயங்கள் உள்ள புத்தகமாயிற்றே என்று மாமனாருக்கு வாசிக்கக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து இன்சுலினைத் தாமே போட்டுக்கொள்கிறார். உயிலைப் பற்றித்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.