ஒரு பகல் பயணியின் பணிவான விண்ணப்பம்

பெறுநர்:
நுழைவுக் கட்டணப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
வெனிஸ் மாநகராட்சி, இத்தாலி.

பொருள்: காலையில் வந்து இருட்டியதும் போய்விடுகிறவர்களின் குறைகளைத் தங்கள் கனிவான பார்வைக்குக் கொண்டுவருதல் – தொடர்பாக.

ஐயா,

2024 ஏப்ரல் 25 அன்று, பெரிய நகரம் எதுவும் துணியாத காரியத்தைத் தாங்கள் செய்தீர்கள். ஊருக்குள் நுழையவே டிக்கெட்; தலைக்கு 5 யூரோ. மறு ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு அதையே 10 ஆக்கினீர்கள். கூட்டத்தைக் குறைக்கத்தான் என்றீர்கள். கூட்டம் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் ஆண்டில் கட்டணம் வாங்கிய 29 நாளில் 24 லட்சம் யூரோ சேர்ந்தது மட்டும் தெரிகிறது. வாப்பரெட்டோ படகில் ஒருமுறை ஏற 9.50 யூரோ கொடுக்கிறவன், ஐந்து யூரோவுக்குப் பயந்து வழியிலுள்ள பாதுவாவிலேயே இறங்கிவிடுவான் என்று நினைத்தீர்களே, எங்கள் சிக்கனத்தின் மீது அப்படியொரு நம்பிக்கை எங்கள் வீட்டாருக்குக்கூடக் கிடையாது.

கட்டண நேரம் காலை 8.30 முதல் மாலை 4 வரை. 3.55-க்கு சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தில் இறங்குகிறவன் ஊருக்குப் பாரம், 4.05-க்கு இறங்குகிறவன் விருந்தாளி. அந்தப் பத்து நிமிடத்தில் ஆள் எடை எப்படிக் குறைகிறது என்று தங்கள் பொறியாளர்கள் எழுதி வைத்தால் மற்ற ஊர்களுக்கும் உதவும்.

இராத் தங்குகிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. அவர்தான் விடுதியில் தங்கும் வரி கட்டிவிடுகிறாரே என்பீர்கள். சரி. ஆனால் ஐயா, எனக்குக் கட்டிலே வேண்டாம். யாருடைய கட்டிலுக்காக மூன்றாம் மாடிக் குடும்பம் சட்டிபானையோடு பாலம் தாண்டி நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேக்குக் குடிபோனதோ, அவர் ராஜநடையாக உள்ளே வருகிறார். நிற்க மட்டும் இடம் கேட்கிற நான் க்யூ.ஆர். கோடைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். 1951-ல் தீவு நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் 2008 முதல் ஒரு மின்பலகை இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் அதையும் படம் எடுத்துக்கொண்டு போகிறோம். பக்கத்திலேயே சுற்றுலாக் கட்டில்களுக்கும் ஒரு பலகை வைக்கலாம்; 2023-ல் குடியிருப்போர் அமைப்பு ஒன்று எண்ணிப் பார்த்தபோது கட்டில்கள் மனிதர்களை முந்தியிருந்தன.

அடுத்து, உட்காருவது. பாலப் படியில் கூடாது, சான் மார்கோ சதுக்கத்துத் தரையில் கூடாது. கால்வாயில் குதிக்கக் கூடாது, புறாவுக்கு இரை போடக் கூடாது. நல்லது. 2019-ல் ரியால்டோ படியில் குட்டி அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்ட ஜெர்மானிய ஜோடிக்கு 950 யூரோ அபராதம் போட்டு, ஊரைவிட்டும் அனுப்பினீர்கள். சதுக்கத்துக் காப்பிக்கடை நாற்காலிகளில் காப்பி இன்னும் அந்த விலைக்கு வரவில்லை. ஆனால் இசைக்குழு வாசித்தால் அதற்குத் தனிக் காசு என்பதால், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாராட்டும் ஒன்று உண்டு. ஒரே சுவரில் 'சான் மார்கோவுக்கு' என்று இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு. இரண்டுமே உண்மை, எப்படிப் போனாலும் போய்ச் சேரலாம். அரசாங்கப் பலகை ஒன்று இவ்வளவு நேர்மையாக இருந்து நான் பார்த்ததில்லை. அதை நம்பி ஒரு சந்தில் திரும்பினால், பின்னாலிருந்து "கால், கால்!" என்று இத்தாலிய மொழியில் ஒரு சத்தம். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். விடுதிக்குத் தண்ணீர்ப் பெட்டி ஏற்றிய கைவண்டி. பெரிய சக்கரங்களுக்கு முன்னால், படி ஏறுவதற்கென்றே இரண்டு குட்டிச் சக்கரங்கள். அந்த மனிதர் அவற்றை முதலில் படியில் ஊன்றி, வண்டியைச் சாய்த்து, மூச்சை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். பாலத்து உச்சியில் ஒரு ஜோடி முத்தத்தைப் படம் எடுத்து முடிக்கும்வரை வண்டி பாதிப் படியில் நின்றது. வேலைக்கு வருகிறவர் என்பதால் அவருக்குக் கட்டண விலக்கு. மற்றபடி அவரும், மெஸ்த்ரேயில் வீடு என்றால், மாலை ரயில் பிடிக்கும் பகல் பயணிதான்.

ஆகவே ஐயா, என் 5 யூரோவுக்கு ஈடாக அருங்காட்சியகமோ தள்ளுபடியோ கேட்கவில்லை. ஒரு பெஞ்சு போதும். நிழலில், அபராதம் இல்லாமல், இசைக்குழு இல்லாமல். அதில் முதலில் உட்காரும் உரிமையை அந்த வண்டிக்காரருக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதிக்கிறேன்.

இப்படிக்கு,
இதை நின்றுகொண்டே எழுதும்
பகல் பயணி