கோட் வாசிக்கிற அண்ணை

ஜெர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் தேருக்கு வெளிநாட்டு நம்பர் பிளேற்றோடும் கார்கள் வந்து குவியும். தொழிற்பேட்டைக்குள் 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயில். சனம் அர்ச்சனைத் தட்டோடு கோபுரத்தைப் பார்த்து நடக்க, ஒருவர் மட்டும் கார்களைப் பார்த்து நடப்பார். பட்டு வேட்டி, சால்வை, மடியில் செருகிய சின்ன நீலக் கருவி. இப்படி ஒருவர் இல்லாத தமிழ்ச் சனம் ஜெர்மனியில் எந்த நகரத்திலும் இல்லை.

"என்ன தம்பி, எஞ்சின் லைற் எரியுதோ?" சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

ஓமென்றால் முடிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்துவிடுவார். 16 முனைச் சாக்கெட்டைத் தடவியே பிடித்துவிடுவார். ஐரோப்பாவில் புதிய பெற்றோல் கார்களுக்கு 2001-இலும் டீசலுக்கு அதன் பிறகும் கட்டாயமான ஏற்பாடு இது. "திறப்பைத் திருப்பு, ஸ்ரார்ட் பண்ணாதை" என்பார். நீலக் கருவியை அதில் குத்தியதும் போனில் கோட் விழும்: பி0420.

"கற் போச்சு."

கற் என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலைசர். விலையைக் கேட்டால் பக்தி கூடும். ஆனால் கார் அப்படிச் சொல்லவே இல்லை. கற்றுக்கு முன்னும் பின்னும் இருக்கிற ஒக்சிஜன் சென்சர்களை ஒப்பிட்டு, வேலை குறைகிறது போலிருக்கிறதென்று முறைப்பாடு எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம், பின் சென்சரே கிழடாகியிருக்கலாம். முறைப்பாட்டையே தீர்ப்பாக வாசிப்பதில்தான் அண்ணையின் பெருமை.

பி0301 வந்தால், முதலாவது சிலிண்டரில் சரியாகத் தீப்பற்றவில்லை என்று பொருள். அதன் இக்னிஷன் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் மாற்றிப் போட்டு ஓடிப் பார்க்கலாம். கோட் பி0302 ஆக மாறினால் கள்ளன் கொயில்தான். பல கார்களில் சில நிமிட வேலை. அண்ணை செய்யமாட்டார், கை ஊத்தையாகும். லைற் விட்டுவிட்டு மின்னினாலும் அவருக்கு ஒன்றுதான்: "ஒண்டுமில்லை, ஓடு." எரியாத பெற்றோல் போய் கற்றைச் சுட்டுப் பொசுக்குவது அப்போதுதான். அவர் வாக்குப் பலிக்க இப்படியும் ஒரு வழி உண்டு.

கடைசி வைத்தியம் அழித்தல். விரலால் ஒரு தட்டு, லைற் மறையும். "சரி, இனி ரியூவுக்குக் கொண்டு போ!" இரண்டு வருடத்துக்கொருமுறை வரும் அந்தப் பரிசோதனையில் இருக்கிற மனிதரும் அதே சாக்கெட்டில்தான் கருவியைக் குத்துவார். கோட்டை அழித்தால், கார் தானே செய்து வைத்திருந்த சோதனைகளின் பதிவும் கூடவே அழியும். நேற்று யாரோ துடைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு முதற் பார்வையிலேயே விளங்கும். அந்த நேரம் அண்ணையின் போன் எடுபடாது.

இவ்வளவும் பார்க்கிற அண்ணையின் கார்? 1996 மெர்சிடிஸ். எஞ்சின் பக்கம் 38 துளை கொண்ட வட்டச் சாக்கெட். நீலக் கருவி அதில் பொருந்தாது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கார்கள் பலவற்றைப் போல அதில் எஞ்சின் லைற்றும் கிடையாது. சிவப்பு விளக்கில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கும், பின்னால் நீலப் புகை போகும்.

"என்ரை காரிலை இண்டைவரைக்கும் ஒரு கோட் வந்ததில்லை, தம்பி."