முடிச்சுப் பரிசோதனைக்கு நன்றி!

அனுப்புநர்:
நெடுந்தூரப் பைக் ஒன்றும், அதைக் கட்ட நாலு கயிறும் வைத்திருப்பவன்,
பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் வழி, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
வேகத்தடை போடும் உயர்திரு அதிகாரி அவர்கள்.
(போட்டது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு அலுவலகத்தைக் கைகாட்டுவதால் பதவியும் முகவரியும் குறிப்பிடப்படவில்லை.)

பொருள்: குட்டியானைச் சரக்கு வண்டியில் பைக் ஏற்றிச் செல்வோரின் முடிச்சுகளைத் தாங்கள் இலவசமாகப் பரிசோதித்து வருவது – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: இந்தியச் சாலைப் பேராயத்தின் வேகத்தடைப் புத்தகம், ஐ.ஆர்.சி. 99 – 1988 (2018-இல் திருத்தப்பட்டது; பழையது தங்கள் பீரோவில் இருக்கும், தூசி தட்டவும்).

ஐயா,

என்னுடையது ஹிமாலயன் 450. எடை 196 கிலோ. பனிமலை ஏறுவதற்கென்று செய்த வண்டி, ஏதாவது கோளாறு என்றால் திருநெல்வேலிக்குக் குட்டியானை ஏறித்தான் போகிறது. வண்டியின் நீளம் 2245 மில்லிமீட்டர், அதாவது ஏழடிச் சொச்சம். குட்டியானையின் தட்டும் ஏழடிச் சொச்சம்தான். இரண்டு சொச்சமும் ஒத்துப்போகாததால் நேராக ஏற்றினால் பின்கதவு மூடாது. மூலைக்கு மூலை கோணலாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

கட்டுவது தனி வித்தை. சங்கரன்கோவில் பக்கம் பூ மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன் யாராவது கிடைத்தால் பாக்கியம். முன்சக்கரம் முன்பலகையில் முட்ட வேண்டும், நடுவில் மடித்த சாக்கு. கியர் ஒன்றில் இருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டை நம்பினால் முதல் குலுக்கலிலேயே மடங்கிவிடும். அதைத் தூக்கிவிட்டு வண்டியைக் கயிற்றின் பலத்திலேயே நிமிர்த்தி நிறுத்த வேண்டும். கயிற்றை ஹேண்டில்பார் நுனியில் போடக்கூடாது; கீழே, ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் போட்டு, இரண்டு முன்மூலைகளுக்கும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். முன் ஷாக் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போகும். பின்னால் இரண்டு கயிறு, வால் ஆடாமல் இருக்க. பெயின்ட் உரசும் இடத்தில் பழைய துணி. கடைசியில் பைக்கைப் பிடித்து ஆட்டினால் குட்டியானையே ஆட வேண்டும். அதுதான் கணக்கு.

இத்தனையும் முடித்து, தேங்காயும் உடைத்துக் கிளம்பினால், வழியில் தங்கள் பரிசோதனைக் கூடங்கள் ஆரம்பமாகின்றன. வேகத்தடை மேட்டில் ஏறிக் குட்டியானை தொப்பென்று விழும்போது, பைக் தன் எடையோடு கீழே அழுந்துகிறது. பாதி அமுங்கிய ஷாக் இன்னும் அமுங்குகிறது. அந்த ஒரு நொடி கயிறு தளர்கிறது. கயிற்றுக்குப் பதில் பெல்ட் கட்டியிருந்தால் அதன் கொக்கி வளையத்திலிருந்து துள்ளி வெளியே வருவதும் அந்த நொடியில்தான். அடுத்த நொடி ஷாக் எகிறுகிறது, கயிறு வெடுக்கென்று இழுபடுகிறது. முடிச்சு நல்லதா, பொல்லாததா என்று அங்கேயே தெரிந்துவிடும். கட்டணமும் கிடையாது, ரசீதும் கிடையாது.

பார்வையில் கண்ட 1988 புத்தகம் சொன்னதையும் சொல்லியாக வேண்டும். வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், வளைந்து இறங்கும்படி இருக்க வேண்டுமாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அலுங்காமல் தாண்டிவிடலாமாம். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, 40 மீட்டர் முன்னாலேயே பலகையும் வைக்க வேண்டுமாம். இப்படியெல்லாம் போட்டால் எந்த முடிச்சு அவிழும்? பரிசோதனை என்னாவது? ஆகவேதான் தாங்கள் அகலத்தைச் சுருக்கி உயரத்தைக் கூட்டி, பெயின்டை மழைக்கு விட்டுவிட்டீர்கள். இரவில் எது மேடு, எது மரநிழல் என்று கண்டுபிடிக்கும் பயிற்சி இதனுடன் இலவச இணைப்பு.

பள்ளிக்கூட வாசலில், பஸ் நிறுத்தத்தில் வேகத்தடை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு விபத்து நடந்தால் மேடு கேட்டு மறியல் செய்பவர்களும் நாங்கள்தான். ஆனால் செங்குத்தான மேட்டில் முதுகொடிவது பறந்து வரும் பெரிய காருக்கு அல்ல. பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கும், ஷேர் ஆட்டோவில் வரும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும், 108 வண்டிக்குள் படுத்திருப்பவருக்கும்தான்.

ஆகவே, அடியேனின் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு லோடுமேனை நியமித்து, தாண்டிய வண்டிகளுக்கு ‘முடிச்சு சரி’ என்று முத்திரை குத்தித் தர வேண்டும்.

2. தேறாத முடிச்சுகளுக்கு அரசு செலவில் கயிறு வழங்க வேண்டும்.

3. வண்டியில் ஏற்றிய சரக்கு அனுமதித்த அளவை மீறிப் பின்னாலோ பக்கத்திலோ உயரத்திலோ நீண்டிருந்தால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். நான் கோணலாக நிறுத்தியது அந்தப் பயத்தில்தான். அனுமதித்த அளவை மீறிச் சாலையில் நீண்டிருக்கும் மேட்டுக்கு எவ்வளவு, அதை எந்தக் கவுன்ட்டரில் யார் கட்டுவது என்பதையும் தெரிவித்தால் நலம்.

மூன்றாவதற்கு மட்டும் பதில் வந்தால் போதும். முதல் இரண்டும் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் பரிசோதனையில் அடிக்கடி தேறுபவன்.

நகல்: குட்டியானை ஓட்டுநர் அண்ணாச்சிக்கு. வன்னிக்கோனேந்தலில் டீக்கு நிறுத்தும்போது நாலு கயிற்றையும் இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்க்கவும். மேலிடத்திலிருந்து பதில் வர நாளாகும்.